பள்ளிவாசல் தெருச் சாக்கடை யார் பொறுப்பு?

 

ஒரு மழை பெய்தால் போதும், நம் தெருக்களில் பலவற்றில் சாக்கடை நிரம்பி வாசல்வரை வந்துவிடுகிறது. அப்போது நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். "ஜமாஅத்துல சொல்லிட்டோம், ஒண்ணும் நடக்கல" என்பார் ஒருவர். "ஜமாஅத் என்ன பண்ணும், கவுன்சிலர்தான் பார்க்கணும்" என்பார் இன்னொருவர். "பிளாஸ்டிக் பையைக் கொட்டுனது நம்ம ஆளுங்கதானே" என்று மூன்றாமவர் முணுமுணுப்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் வடிவதில்லை, கொசு பெருகுகிறது, முதலில் காய்ச்சலில் படுப்பது குழந்தைகள்தான்.

ஊர்ப் பொறுப்பு ஒரே கையில் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். அரசு உள்ளாட்சி, மஹல்லா ஜமாஅத், பிற சமயத்தாரின் ஊர் அமைப்புகள், தெரு சங்கம், வணிகர் சங்கம், மகளிர் குழு, பள்ளி மேலாண்மைக் குழு எனப் பலவகைக் கூட்டங்கள் ஊரைத் தாங்கி நிற்கின்றன. எந்தச் சுமை யார் தோளில் என்பது நமக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். தெரியாதபோது ஜமாஅத்தால் செய்ய முடியாததை ஜமாஅத்திடம் கேட்டு ஏமாறுகிறோம். நாமே செய்யவேண்டியதை அரசு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

மதீனா காட்டிய வழி

பலவகை மக்கள் ஓர் ஊரில் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. கி.பி. 622-ல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது அங்கே அவ்ஸ், கஸ்ரஜ் என்ற அரபுக் குலங்கள் இருந்தன, யூதக் குலங்கள் இருந்தன, மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்கள் இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பது எழுத்தில் ஆக்கப்பட்டது. அதையே மதீனா சாசனம் என்கிறோம்.

அந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்கவேண்டியது அதிலுள்ள பங்கீடு. ஒவ்வொரு குலமும் தன் ஆட்கள் கொடுக்கவேண்டிய இழப்பீட்டையும், சிறைப்பட்ட தன் ஆட்களை மீட்கும் செலவையும் தானே ஏற்றுக்கொள்ளவேண்டும். கடனில் மூழ்கிய ஒருவரை அவருடைய சமூகம் கைவிடக்கூடாது. இவை உள்பொறுப்புகள். மதீனாவை வெளியார் தாக்கினால் எல்லோரும் சேர்ந்து காக்கவேண்டும். அதற்கான செலவை முஸ்லிம்கள் தங்கள் பங்குக்கும் யூதர்கள் தங்கள் பங்குக்கும் ஏற்கவேண்டும். இது பொதுப்பொறுப்பு. மார்க்கம் அவரவருக்கு. ஆக, சமூகத்துக்குள் செய்யவேண்டியது தனியாகவும், ஊருக்காகச் செய்யவேண்டியது தனியாகவும் அன்றே வகுக்கப்பட்டன. ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்று நீங்கிவிடவில்லை. இதே அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பார்ப்போம்.

உள்ளாட்சியின் சுமை

1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியல் சாசனத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் சாசனத் தகுதி கொடுத்தன. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பணிகளை 11-வது அட்டவணையும், நகர உள்ளாட்சிகளுக்கான 18 பணிகளை 12-வது அட்டவணையும் வரிசைப்படுத்துகின்றன. குடிநீர், சாலை, தெருவிளக்கு, பொது சுகாதாரம், குப்பை அகற்றுதல் ஆகியவற்றோடு அடக்கத்தலம், பிறப்பு இறப்புப் பதிவு, இறைச்சிக்கூடம் முறைப்படுத்தல் ஆகியவையும் நகரப் பட்டியலில் உள்ளன.

ஆகவே பள்ளிவாசல் தெருவாக இருந்தாலும் கோயில் தெருவாக இருந்தாலும் பொதுச் சாக்கடை உள்ளாட்சியின் பொறுப்பே. அதற்காகத்தான் வீட்டு வரி கட்டுகிறோம். ஜமாஅத் சந்தாவிலிருந்து ஆளை வைத்துச் சாக்கடை அள்ளுவது அவசரத்துக்கு உதவலாம். அதையே வழக்கமாக்கிக்கொண்டால் நம் தெரு உள்ளாட்சியின் கணக்கிலிருந்தே மெல்ல மறைந்துவிடும். வரியை நாம் உரிய காலத்தில் கட்டுவதும் இதில் சேர்ந்ததுதான். நகர்ப்புறங்களில் அரையாண்டு வரியை முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. பாக்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவரின் குரல் எடுபடாது.

ஜமாஅத்தின் சுமை

உள்ளாட்சியால் செய்யமுடியாத வேலைகள் பல உண்டு. எந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பது நகராட்சி அலுவலகத்துக்குத் தெரியாது. தலைக்கட்டுப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஜமாஅத்துக்குத் தெரியும். மகன் வெளிநாட்டில் இருக்க, தனியே நோயில் கிடக்கும் பெரியம்மாவை விசாரிப்பது, ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கஃபன் இட்டு அடக்குவது, பைத்துல்மாலில் ஜகாத்தைத் திரட்டி உரியவரிடம் சேர்ப்பது, வட்டிக்கடனில் சிக்கிய குடும்பத்தை மீட்பது, மக்தப் நடத்துவது, கணவன் மனைவி பிணக்கில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது ஆகியவை ஜமாஅத்தின் வேலைகள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து ஏழை வீட்டுக்குக் கொடுத்த பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அரசுத் திட்டம் எவ்வளவு வந்தாலும் அந்த வேலைக்கு மாற்று இல்லை.

ஜமாஅத்துக்கு எல்லையும் உண்டு. அது நீதிமன்றமல்ல, காவல் நிலையமுமல்ல. குறிப்பாக ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், "குடும்ப மானம் போய்விடும்" என்று உள்ளுக்குள் பேசி முடிப்பது கூடவே கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான 1098 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். அமானிதமாக நம்மிடம் உள்ள பிள்ளையைக் காப்பதைவிடப் பெரிய மானம் எதுவுமில்லை.

இரண்டும் சந்திக்கும் இடம்: பதிவேடுகள்

நம் குடும்பங்கள் அதிகமாக இடறி விழும் இடம் இது. ஜமாஅத்தின் ஏட்டில் ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அரசுப் பதிவும் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல.

இறப்பு: மையவாடிப் பதிவேட்டில் பெயர் எழுதுவது அடக்கத்துக்கான கணக்கு. அரசின் இறப்புச் சான்றிதழ் வேறு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தார்தான் தெரிவிக்கவேண்டும். துக்கத்தில் இது மறந்துபோகிறது. 30 நாட்கள் கடந்தால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி தேவை. ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள அலுவலரின் ஆணை தேவை. அதற்குள் விதவைச் சகோதரிக்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிற்கும், வாரிசுச் சான்று நிற்கும், வங்கிக் கணக்கு நிற்கும். இத்தா முடிந்த ஒரு பெண் கையில் காகிதமின்றி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

பிறப்பு: இதற்கும் அதே 21 நாட்கள். பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 வயதுவரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி போன்றவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிறுவும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. பெயரின் எழுத்துகளைத் தாய் தந்தையரின் ஆவணங்களோடு ஒத்துப்பார்த்துப் பதியுங்கள். "முஹம்மது" என்பதை ஓரிடத்தில் முழுதாகவும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதிவிட்டுப் பின்னால் அலைவோர் நம்மில் அதிகம்.

திருமணம்: நிகாஹ் தப்தரில் கையெழுத்திட்டதும் மார்க்கப்படி நிகாஹ் முடிந்தது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவேண்டும். ஜமாஅத் கொடுக்கும் நிகாஹ் சான்று அந்தப் பதிவுக்கு ஆதாரமாகும். அந்தப் பதிவுக்கு மாற்றாகாது.

இங்கே இரு அமைப்புகளும் கைகோத்தால் வேலை எளிது. ஜனாஸா அடக்கம் முடிந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஜமாஅத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், "இறப்பைப் பதிந்துவிட்டீர்களா?" என்று கேட்பதை ஒரு வழக்கமாக்கினால் போதும். பல குடும்பங்களின் பல ஆண்டுத் துன்பம் அந்த ஒரு கேள்வியில் தீரும்.

தெருவும் தொழிலும் சேர்க்கும் கூட்டங்கள்

நாம் தொழுகையால் ஒரு ஜமாஅத். தெருவால், தொழிலால், பிள்ளைகளின் பள்ளியால் வேறு பல கூட்டங்களிலும் நாம் உறுப்பினர்கள். அடுத்த வீட்டு இந்துச் சகோதரரும் எதிர்வீட்டுக் கிறிஸ்தவச் சகோதரியும் நாமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். கடைத்தெருவில் வணிகர் சங்கம் எல்லோருக்கும் ஒன்று. கடற்கரை ஊர்களில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து, வயல்பகுதியில் பாசன விவசாயிகள் என்று அந்தந்த ஊருக்கு உரிய அமைப்புகள் உண்டு. ஏரி குளங்களை ஆயக்கட்டுக்காரர்களே சேர்ந்து தூர்வாரிப் பராமரித்த குடிமராமத்து முறை நம் நாட்டின் பழைய ஏற்பாடு. தமிழக அரசு 2017-ல் அதே பெயரில் அதற்கு மீண்டும் உயிர்கொடுத்தது. குளம் நிரம்பினால் ஊரின் எல்லாக் கிணறுகளிலும் ஊறுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் இக்குழு இயங்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதி பெண்கள். பள்ளிக் கழிப்பறை, குடிநீர், இடைநின்ற பிள்ளைகள் ஆகியவற்றைப் பேசும் இடம் இதுதான். நம் தாய்மார்கள் இதில் உறுப்பினராக முன்வரவேண்டும்.

ஆதரவற்ற முஸ்லிம் பெண்களுக்கு உதவ மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் உள்ளது. அது திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணை மானியம் தருகிறது. சமூகத்தின் பணமும் அரசின் பணமும் சேரும் இடம் அது. அதுபோலவே "நமக்கு நாமே" திட்டத்தில், மக்கள் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு போட்டுப் பொதுப்பணியைச் செய்கிறது. தெரு சங்கமும் ஜமாஅத்தும் கோயில் கமிட்டியும் வணிகர் சங்கமும் சேர்ந்து பங்குத்தொகை திரட்டினால் எந்த ஒருவருக்கும் பாரம் தெரியாது. நம் தரப்புப் பங்கை ஸதகாவிலிருந்து கொடுக்கலாம். ஜகாத்துக்கு உரியவர்கள் குர்ஆனில் வரையறுக்கப்பட்டவர்கள் என்பதால் அதை இதில் கலக்காதீர்கள். ஐயமிருந்தால் உங்கள் இமாமிடம் கேளுங்கள்.

சபையில் நம் இருக்கை

இத்தனை அமைப்புகளும் ஒன்றாக உட்காரும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் தமிழ்நாட்டில் கிராம சபைக்கு உரியவை. ஊராட்சியின் வாக்காளர் எவரும் அதன் உறுப்பினர், யாரும் அழைக்கவேண்டியதில்லை. கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நகராட்சி, மாநகராட்சிகளில் வார்டு கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதன்கீழ்ப் பகுதி சபைகளும் உள்ளன.

இவற்றில் நம் வருகை குறைவு என்பதை ஒப்புக்கொள்வோம். பெண்கள் வருகை இன்னும் குறைவு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. தலைவராகப் பெண் அமர்ந்திருக்கும் சபையில், தண்ணீருக்காகக் காலையில் நின்ற பெண்ணே நேரில் எழுந்து பேசுவது எவ்வளவு பொருத்தம்!

போனால் எப்படிப் பேசுவது? "எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் செய்வதில்லை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "இந்த வாய்க்கால் பள்ளிவாசல் தெருவில் அடைத்தால் அடுத்த தெருவிலும் தண்ணீர் நிற்கிறது" என்று தொடங்கினால் அடுத்த தெருக்காரரும் நம்மோடு எழுந்து நிற்பார். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, மனுவுக்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். பலன் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டமும் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் இருக்கின்றன. அடுத்த தெருவின் கோரிக்கைக்கும் நாம் கை தூக்கவேண்டும். அவர்கள் கேட்கும் ரேஷன் கடைக்கு நாம் நின்றால்தான் நம் வாய்க்காலுக்கு அவர்கள் நிற்பார்கள்.

வாக்காளர் பட்டியலையும் மறக்கவேண்டாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளை வைத்து 18 வயது கணக்கிடப்படுகிறது. புதிதாகச் சேர படிவம் 6. திருமணமாகி வேறு ஊர் போன மகளின் முகவரியை மாற்றவும் பெயர்ப் பிழையைத் திருத்தவும் படிவம் 8.

நம்மிடமிருந்து ஊர் எதிர்பார்ப்பது

உரிமையைப் பேசியபின் கடமையைப் பேசாவிட்டால் நீதியாகாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும் வண்டிகள் அண்டை வீட்டு வாசலை மறிக்கின்றனவா? கல்யாண வீட்டு வாழையிலையும் தண்ணீர் பாட்டிலும் மறுநாள் யார் வாசலில் கிடக்கின்றன? மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கிறோமா? நம் குப்பையை வெறுங்கையால் பிரிப்பவரும் ஒரு தாயின் பிள்ளைதான்.

குறிப்பாகக் குர்பானி நாட்கள். இறைவனுக்காகக் கொடுக்கும் ஒரு வணக்கத்தின் கழிவு, குடலும் இரத்தமுமாகச் சாக்கடையில் மிதந்தால் அண்டை வீட்டார் மனதில் என்ன தங்கும்? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஜமாஅத் நகராட்சிக்கு எழுதிக் கழிவு வண்டி கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் அறுக்கலாம். ஊராட்சியாக இருந்தால் கழிவைப் புதைக்க ஆழமான குழிக்கு இடம் கேட்டு வாங்கலாம். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதையே தர்மமாக நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, பாதையில் தொல்லையை நாமே போடலாமா?

நம் சமூகம் இதைச் செய்யாத சமூகமல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்தன. முஸ்லிம் இளைஞர்கள் வீடுகளோடு கோயில்களிலும் சேறு அள்ளினார்கள். கொரோனா காலத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை அவரவர் சமய முறைப்படி இறுதிப் பயணம் அனுப்பிவைத்தார்கள். 2018 கேரள வெள்ளத்தின்போது திருச்சூர் மாவட்டத்தில் ஒரு கோயில் மண்டபம் பெருநாள் தொழுகைக்குத் திறந்துவிடப்பட்டது. பேரிடரில் நம்மிடம் வெளிப்படும் இந்த நல்லியல்பு சாதாரண நாளில், ஒரு குப்பைத்தொட்டி விஷயத்தில் ஏன் உறங்கிவிடுகிறது என்பதுதான் நாம் கேட்டுக்கொள்ளவேண்டியது.

ஒரே கப்பல்

நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை நாம் அறிந்ததே. கப்பலில் மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வரவேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் சிரமம், நம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மற்றவர்கள் கண்டும் காணாமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள்; கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். ஓட்டை போட நினைத்தவர்களின் எண்ணத்தில் கெடுதி இல்லை என்பதைக் கவனியுங்கள். "எங்கள் பகுதி, எங்கள் வசதி" என்ற நினைப்பு மட்டுமே இருந்தது. "எங்கள் தெரு, எங்கள் ஜமாஅத்" என்று மட்டும் நினைக்கும்போது நாமும் அந்தக் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். கேட்பதற்கு நேரம் ஒதுக்காத மேல்தளத்தாரும் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது.

இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு காரியம் செய்வோம். வீட்டிலுள்ள எல்லோருடைய பிறப்பு, திருமணச் சான்றுகளையும், மௌத்தானவர்களின் இறப்புச் சான்றுகளையும் ஒரு கோப்பில் எடுத்துவைத்து, இல்லாததைக் குறித்துக்கொள்வோம். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்போம். அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ வீட்டுக்கு ஒருவர், முடிந்தால் ஒரு பெண், போவோம். தெருவில் பிற சமய அண்டை வீட்டார் இருவரோடு உட்கார்ந்து, இந்தத் தெருவுக்கு முதலில் வேண்டியது என்ன என்று கேட்போம்.

பள்ளிவாசல் தெருச் சாக்கடையைக் கட்டுவது உள்ளாட்சி. அதைக் கேட்டு வாங்குவது தெரு. அடைக்காமல் பார்ப்பது ஒவ்வொரு வீடு. எல்லோரையும் நினைவூட்டிச் சேர்த்துவைப்பது ஜமாஅத். ஒருவர் பங்கை இன்னொருவர் மேல் தள்ளாமல் நடந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்கு நம் பிள்ளைகள் நனையாத செருப்போடு மக்தபுக்குப் போவார்கள்.

ஊருக்குப் பயன்படும் மக்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.